மூன்று தாழ்ப்பாள்

பச்சியண்ணனின் பைக் பின்னால் உட்கார்ந்து
மூன்று ஞாயிறுகளில் பதினொரு வீடு பார்த்தேன்.
கன்னங்குறிச்சியில் ஒன்று.
மாடியேறினால் ஏற்காட்டு மலை கைக்கெட்டும்,
விலை எட்டாது.
அயோத்தியாப்பட்டணத்தில் ஒன்று.
ஜங்ஷனிலிருந்து இருபதே நிமிஷம் என்றார்.
அந்த ரூட்டில் ஒன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான்.
என் கணக்கில் ஐம்பது.

"பக்கத்துல ஸ்கூலு?"
"நாலு இருக்குதுங்க. ஏசி வேன் வாசலுக்கே வரும்."
"கவர்மென்ட் ஸ்கூலு."
வண்டியை ஓரம் கட்டினார்.
ஹெல்மெட்டைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார்,
கடன் கிடன் ஆயிப்போச்சுங்களா என்பதுபோல.

கடன் இனிமேல்தான்.
இருபது வருஷத் தவணை ஒரு கையில்,
இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ் மறு கையில் என்றால்
விசிலை எந்தக் கையால் எடுப்பது?

அது மட்டும் காரணமில்லை.
எனக்குப் பள்ளிக்கூடங்களைப் பஸ்ஸுக்குள்தான் தெரியும்.
ஒரு ஸ்டாப்பில் ஏறும் பிள்ளைகள் ஏறியதும் தூங்கிவிடும்.
ஒரு ஸ்டாப்பில் சண்டையோடு ஏறும்.
அம்மாபேட்டை தாண்டி ஒரு ஸ்டாப்,
சாயங்காலம் நாலரை மணி,
கம்பியில் தொங்கிக்கொண்டே அந்தப் பெண்பிள்ளைகள்
விட்ட இடத்திலிருந்து ஒரு கணக்கைத் தொடர்வார்கள்.
"சைன் ஸ்கொயர் வராதுடி, மறுபடி பாரு."
இறங்கும் இடம் தாண்டிப்போய்
என்னிடம் திட்டு வாங்குவார்கள்.

அந்த ஸ்டாப் பக்கத்தில்தான் வீடு என்றேன் தவமணியிடம்.

ஜவ்வரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறவள்,
முள் நிற்கும்வரை எதையும் நம்பமாட்டாள்.
ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு
நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போனாள்.
ரிசல்ட் போர்டு பக்கம் திரும்பவில்லை.
குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது.
சத்துணவு அரிசியை அள்ளி முகர்ந்தாள்.
கழிப்பறையில் ஐந்து கதவு,
மூன்றுக்குத்தான் தாழ்ப்பாள்.
ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி
வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.
"கணக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறாங்க,"
என்றாள் வந்து. வேறெதுவும் சொல்லவில்லை.

கிடைத்த வீடு தெற்குப் பார்த்தது.
இரண்டு பக்கமும் விசைத்தறி,
ஏதாவது பேச வேண்டுமென்றால் கரண்ட் போகவேண்டும்.
கார்ப்பரேஷன் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
"இந்தக் காசுக்கு மல்லூர்ல
கார் நிறுத்தறாப்லயே வாங்கிருக்கலாம்," என்றான் மச்சான்.
என்னிடம் கார் இல்லை.
அட்வான்ஸ் கொடுத்தோம்.

பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
படியில் நின்ற ஒரு பிள்ளை சொன்னது,
"தெரியுமாண்ணா, அமலோற்பவம் மிஸ் மாறுதலாகிப் போறாங்க.
தர்மபுரிப் பக்கம்."
"கணக்கு டீச்சரா?"
"எங்களுக்குக் கணக்கே அவங்கதாண்ணா."

அன்று மூன்று பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன்.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேனே,
இது அதில் வரவில்லையே.
சுவருக்குப் பத்திரம் உண்டு, கிணற்றுக்கு உண்டு,
ஒரு டீச்சரை
எந்த சர்வே நம்பரில் எழுதி வாங்குவது?

ராத்திரி சொன்னேன்.
தறிகள் இல்லாத பழைய வாடகை வீட்டில்
அவள் பேசாமல் இருந்தது நன்றாகவே கேட்டது.
"அந்தம்மா போற ஊர்லயும் புள்ளைங்க இருக்குதுல்ல,"
என்றாள் கடைசியில்.
கொஞ்ச நேரம் கழித்து,
"வர்றவங்க எப்பிடின்னு வந்தாத்தான தெரியும்.
நாம அங்கதான இருக்கப்போறோம்."

பதிவு முடிந்த மறுநாள்
செவ்வாய்ப்பேட்டை இரும்புக்கடையில்
தாழ்ப்பாள் கேட்டாள். மூன்று.
கொல்லைக் கதவுக்கு ஒன்று போதுமே என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.
"ஒண்ணுக்குத் தனி பில்லு, ரெண்டுக்குத் தனி பில்லு."
"ரெண்டு யார் பேர்லங்க?" என்றார் கடைக்காரர்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள்,
அவர் எழுதி முடிக்கக் காத்திருந்து காத்திருந்து,
அரசு என்பதிலிருந்து தொடங்கி,
முழுதாக.